கைத்துப்பாக்கி என்னும் பெயரும் அதை மறைத்தேந்தும் மனமும்

ஒரு பொருள் இன்னது என்று நாம் துணிவது எதனால்? அதன் வடிவினாலா, அது செய்யும் செயலினாலா, அதனை ஆக்கியவன் கொண்ட கருத்தினாலா, அல்லது அதனைக் கையில் எடுப்பவன் கொள்ளும் எண்ணத்தினாலா? இக்கேள்வி தருக்க நூலார்க்கே உரியது என்று எண்ணுவார் உளர். ஆனால் ஐக்கிய அமெரிக்க நாட்டில் தொண்ணூறு ஆண்டுகளாக இக்கேள்வி நீதிமன்றங்களிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் துப்பாக்கிக் கடைகளிலும் வழக்காடப்பட்டு வருகிறது. அங்கே பெரிய கைத்துப்பாக்கி என்று வழங்கும் ஆயுதம் ஒன்று உண்டு. அதனைச் சட்டம் எவ்வினத்தில் சேர்க்கிறது என்பதையும், அதனை ஆடைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்துக்கொண்டு மனிதரிடையே நடமாடுதல் தகுமா என்பதையும் இங்கு ஆராயக் கருதுகிறோம். தொலைநாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். சேதனையே கன்மம் என்று கொண்ட நமக்கு, கருத்து என்னும் ஒன்றை ஒரு பெருநாட்டின் சட்டம் அங்குலக் கோலால் அளக்க முயன்று பட்ட பாடு கற்கத் தக்கதே யாகும்.

முதலில் அவ்வாயுதம் யாதெனக் கூறுவோம். சாதாரணக் கைத்துப்பாக்கி ஒரு கிலோ அளவினது. இடுப்பு உறையில் அடங்குவது. தோட்டாக்கூடு அதன் கைப்பிடிக்குள்ளேயே செருகப்படுவது. பெரிய கைத்துப்பாக்கியோ, போர்வீரர் ஏந்தும் ரைபிளின் வழிவந்த உடலைக் கொண்டு, குழலை மட்டும் பத்து அங்குலம் அல்லது அதற்கும் குறைவாகச் சுருக்கி, தோளில் ஊன்றும் கட்டையை நீக்கிச் செய்யப்படுவது. ஏ.ஆர். வகையிலும் ஏ.கே. வகையிலும் இவை விற்கப்படுகின்றன. ரைபிளின் தோட்டாவே இதற்கும் தோட்டா. முப்பது தோட்டா கொள்ளும் ரைபிளின் கூடே இதற்கும் கூடு. விசையை இழுக்குந்தோறும் ஒரு தோட்டா புறப்படும். எடை இரண்டரை, மூன்று கிலோ வரை போகும். ஒரு கையால் நீட்டிப் பிடித்துச் சுடுவது வலிமையுடையார்க்கும் எளிதன்று. இருந்தும் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் இது கைத்துப்பாக்கியே.

காரணம் இது. அமெரிக்கச் சட்டம் ரைபிளுக்குக் கூறும் இலக்கணம், தோளிலிருந்து சுடுவதற்கென அமைக்கப்பட்டதும் கருதப்பட்டதும் என்பதாம். கைத்துப்பாக்கிக்குக் கூறும் இலக்கணம், ஒரு கையில் பிடித்துச் சுடுவதற்கென அமைக்கப்பட்டதும் கருதப்பட்டதும் என்பதாம். இரண்டிலும் 'கருதப்பட்டது' என்னும் சொல் நிற்பதை வாசகர் உற்று நோக்க வேண்டுகிறோம். இரும்பைப் பற்றிய சட்டத்தில் மனம் புகுந்துவிட்டது. ஆக்கியவன் மனத்தை யார் திறந்து பார்ப்பது? ஆகவே தோட்கட்டை உண்டா இல்லையா என்று பார்க்கிறார்கள். கட்டை இருந்து, குழல் 16 அங்குலத்துக்கோ முழு நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால், அது குறுங்குழல் ரைபிள் எனப்படும்; கைரேகையும் நிழற்படமும் கொடுத்து மத்திய சர்க்காரிடம் பதிவு செய்து இசைவு பெற்ற பின்னரே அதனை வைத்திருக்கலாம். பதிவின்றி வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. அதே கட்டையைக் கழற்றிப் பிறந்தது முதல் கட்டையே இல்லாததாகச் செய்து விற்றால், பதிவும் இல்லை, சிறையும் இல்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி எந்தத் துப்பாக்கியையும் உரிமமின்றி வைத்திருப்பதே குற்றமாதலால், இவ்வளவு நுட்பமான பாகுபாடு நமக்கு விந்தையாகத் தோன்றும். அங்கே வைத்திருப்பது உரிமை, தடையே விலக்கு.

இந்தப் பாகுபாடு பிறந்த கதை, சட்டம் தன் நோக்கத்தைத் தானே மறந்துபோவதற்கு ஒரு சான்று. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்கள் நகரங்களில் இயந்திரத் துப்பாக்கி கொண்டு கொலை புரிந்த பின்னர், 1934-ஆம் ஆண்டில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் என்பாரின் துறையிலிருந்து எழுந்த முதல் மசோதாவில், கைத்துப்பாக்கியும் சுழல் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியோடு ஒருங்கே வைக்கப்பட்டிருந்தன. உடையில் மறையத் தக்க ஆயுதமே ஊருக்குக் கேடு என்பது அவர்கள் கருத்து. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால், கயவர் நீண்ட துப்பாக்கியின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கியைப்போல் ஆக்கிக்கொள்வர் என்று அஞ்சி, அறுத்த குழலுடைய துப்பாக்கிகளையும் சேர்த்தனர். பிறகு துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்தாரின் எதிர்ப்பு எழுந்தது. கைத்துப்பாக்கியும் சுழல் துப்பாக்கியும் மசோதாவினின்றும் நீக்கப்பட்டன. குறுங்குழல் விதி மட்டும் நின்றுவிட்டது. வீட்டை இடித்துவிட்டு வேலியை மட்டும் காத்துவந்தாற்போல, கைத்துப்பாக்கியைத் தடுப்பதற்கென்று இட்ட துணைவிதி, கைத்துப்பாக்கி தடையின்றி உலவும் நாட்டில் இன்றளவும் நிற்கிறது. பதிவுக்கு விதித்த வரி அன்று 200 டாலர்; அக்காலத்தில் ஒரு தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கியின் விலையை ஒத்த தொகை. 2025-இல் இயற்றிய சட்டத்தால், 2026 சனவரி 1 முதல் குறுங்குழல் ரைபிளுக்கு அவ்வரி சூனியமாக்கப்பட்டது. பதிவு மாத்திரம் எஞ்சியுள்ளது.

பெயரை மாற்றிப் பொருளைக் காத்தல் வணிகர்க்குப் புதிதன்று. டெக்-9 என்றொரு பெரிய கைத்துப்பாக்கி இருந்தது. 1993 சூலை 1-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் இவ்வகைத் துப்பாக்கி இரண்டினை ஏந்திவந்த ஒருவன் எட்டு உயிர்களைப் போக்கித் தானும் மாண்டான். மறு ஆண்டில் வந்த மத்தியச் சட்டம் அந்தத் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே தடுத்தது. பிற பெரிய கைத்துப்பாக்கிகளைத் தடுக்க, கைப்பிடிக்கு வெளியே செருகும் தோட்டாக்கூடு, திருகுமரையுடைய குழல், 50 அவுன்சுக்குக் குறையாத எடை முதலிய அடையாளங்களை வகுத்தது. ஆக்கியோர் சில அடையாளங்களை நீக்கி, 'ஏபி-10' என்று பெயரிட்டு அதனையே விற்றனர். அவ்விரண்டு எழுத்துக்களும் தடைக்குப் பின் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் என்றால், அவர்தம் துணிவை என்னென்பது! பத்தாண்டு கழித்து 2004-இல் அச்சட்டமும் காலாவதியாயிற்று. இறந்தோரின் உறவினர் ஆக்கியோர்மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த ஒரு செய்தி நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அத்துப்பாக்கியின் மேற்பூச்சில் கைரேகை எளிதில் படியாது என்பதை அவர்கள் விளம்பரத்தில் ஒரு சிறப்பாகக் கூறியிருந்தனர். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2001-இல், அம்மாநிலச் சட்டப்படி ஆக்கியோர் பொறுப்பாளர் அல்லர் என்று தீர்த்தது. சட்டத்தின் தீர்ப்பு அது. உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபத்தை ஏன் முதலில் வைத்தனர் என்று ஐயுறுவார்க்கு அவ்விளம்பரம் ஒன்றே போதும். கைரேகை படியாமையை விரும்புவோன் எதற்காக விரும்புவான் என்பதை விற்பவன் அறியாதிருக்க முடியாது.

இனி, இவ்வழக்கின் நடுநாயகமான தாங்குபட்டையின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெரிய கைத்துப்பாக்கியை ஒரு கையால் தாங்க இயலாத, உடற்குறையுற்ற ஒரு முன்னாள் போர்வீரர்க்கு உதவுவதற்காக மற்றொரு முன்னாள் வீரர் ஒரு கருவியை அமைத்தார். துப்பாக்கியின் பின்புறத்தில் பொருத்தி, முன்கையைச் சுற்றிப் பட்டையால் கட்டிக்கொள்வது. பிரேஸ் என வழங்குவது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அலுவலகம் 2012-இல் அதனைப் பார்த்து, இது தோட்கட்டை அன்று, கைத்துப்பாக்கி கைத்துப்பாக்கியாகவே நிற்கும் என்று எழுத்து மூலம் தெரிவித்தது. கருணையிற் பிறந்த கருவி. ஆனால் அதன் வடிவம் ஏறக்குறையத் தோட்கட்டையின் வடிவமே. கையிற் குறையில்லாதோர் இலட்சக்கணக்கில் அதனை வாங்கினர். முன்கையிற் கட்டாமல் தோளில் ஊன்றினர். 200 டாலரும் பதிவும் இன்றிக் குறுங்குழல் ரைபிள் கிடைத்துவிட்டது.

அலுவலகம் என்ன செய்தது? தோளில் வைத்தால் அது மறு அமைப்பு ஆகும், ஆகவே ரைபிள் ஆகும் என்று 2015-இல் அறிவித்தது. அஃதாவது, கடையில் இருக்கையில் கைத்துப்பாக்கி. தோளைத் தொட்ட கணத்தில் ரைபிள். 2017-இல், எப்போதோ தோளில் படுவதனால் மட்டும் அவ்வாறாகாது என்று தளர்த்தியது. 2023 சனவரியில் முற்றிலும் திரும்பி, எடை, நீளம், குறிநோக்கியின் வகை, விற்போர் செய்யும் விளம்பரம், மக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் விதம் ஆகிய பலவற்றையும் சேர்த்துப் பார்த்து, உண்மையில் தோளிலிருந்து சுடுதற்கெனக் கருதப்பட்டதா என்று துணியும் விதியை வெளியிட்டது. முப்பது இலட்சம் தாங்குபட்டைகள் மக்களிடம் இருக்கக்கூடும் என்பது அவ்வலுவலகம் அப்போது போட்ட மதிப்பு. டெக்சஸ் மாநிலத்து மத்திய நீதிமன்றம் ஒன்று, போதிய காரணமும் முறையும் இன்றிச் செய்யப்பட்டதெனக் கூறி 2024 சூனில் அவ்விதியை நீக்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே இரும்பு இத்தனை முறை பெயர் மாறியது. ஒருமுறையேனும் அதன் தோட்டா செல்லும் தொலைவு மாறவில்லை.

இதைக் கண்டு நகைப்பது எளிது. அளவால் இனம் பிரிப்பதே பேதைமை என்று சில நண்பர் கூறுவர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். விநயத்திலும் அளவு உண்டு. நோயில்லாத ஒருவன் கையில் குடையோ தண்டோ வெட்டும் கருவியோ ஆயுதமோ ஏந்தியிருக்க, அவனுக்குத் தம்மம் உரைத்தல் ஆகாது என்பது பிக்குகளுக்குரிய சேகிய விதிகளுள் அடங்கும். அங்கே தண்டு என்பது யாதென விளக்குமிடத்து, நடுத்தர உயரமுள்ள மனிதனின் முழத்தால் நான்கு முழம் உள்ளதே தண்டு, அதனின் நீண்டதும் தண்டன்று, குறைந்ததும் தண்டன்று என்று அளந்தே சொல்லியிருக்கிறது. விதி என்று ஒன்று வந்தால் எல்லை வேண்டும். எல்லைக்கு அளவு வேண்டும். ஆதலால் 16 அங்குலம் என்றும் 26 அங்குலம் என்றும் வகுத்த சட்டத்தை அதற்காகவே குறைகூறலாகாது.

ஆனால் அதே விதியில் நோயுற்றவனுக்கு விலக்கு இருப்பதை நோக்குக. நலமுள்ளவன் கையில் ஓங்கத் தக்கதாய் இருக்கும் தண்டு, நோயாளி கையில் ஊன்றுகோல். தண்டு ஒன்றே, பிடித்தவன் நிலை வேறு. அளவைச் சொன்ன விநயமே, அளவோடு நில்லாமல் பிடித்தவனையும் நோக்கச் சொல்கிறது. அமெரிக்க அலுவலகம் 2012-இல் அளித்த இசைவும் இத்தகைய விலக்காகவே பிறந்தது. நோயாளிக்கெனத் திறந்த வாயிலில் நோயில்லாதார் முப்பது இலட்சம் அளவில் புகுந்தனர். எவரையும் சட்டம் நீ நோயாளியா என்று கேட்கவில்லை. கேட்க அதற்கு வழியும் இல்லை. அந்தக் கேள்வியை வாங்குவோன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் கேட்கவில்லை என்பதனால் அக்கேள்வி இல்லாமற் போய்விடுமா?

மறைத்தேந்துதல் என்னும் பகுதிக்கு வருவோம். இங்கேதான் அந்நாட்டுச் சட்டம், தன்னை அறியாமலே போலும், அறநூலுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. கைத்துப்பாக்கியின் முன்புறத்தில், மற்றொரு கையால் பற்றுதற்கு நேர்நிற்கும் பிடியொன்றைப் பொருத்தினால் அது ஒரு கையால் சுடக் கருதப்பட்டது ஆகாது. எனவே கைத்துப்பாக்கி என்னும் பெயரை இழக்கும். முழு நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவாயின், உடலில் மறைக்கத் தக்க பிற ஆயுதம் என்னும் இனத்தில் விழுந்து பதிவுக்கு உரியதாகும். 26 அங்குலத்துக்கு மிகுமாயின், மறைக்கத் தக்கதன்று எனக் கொள்ளப்பட்டு, ரைபிளும் அன்று, கைத்துப்பாக்கியும் அன்று, வெறும் துப்பாக்கி என்று விடப்படும். அதனைச் சுவரில் மாட்டலாம். கையிற் பிடித்துச் சுடும் திடலுக்குச் செல்லலாம். ஆனால் அதனையே ஒருவன் தன் நீண்ட அங்கிக்குள் உண்மையாகவே மறைத்துக்கொண்டால், அக்கணமே அது மறைக்கப்பட்ட பிற ஆயுதமாகி, பதிவில்லாத அதனை உடையவன் பெருங்குற்றவாளி ஆகிறான் என்பது அவ்வலுவலகத்தின் கொள்கை. ஓர் ஆணியும் கூடவில்லை, ஓர் அங்குலமும் குறையவில்லை. மறைத்த செயல் ஒன்றே அதன் இனத்தை மாற்றிற்று.

இத்தனை நுட்பத்துக்கும் பின்னால், சாதாரணமான பெரிய கைத்துப்பாக்கிக்கு இத்தொல்லை ஒன்றுமில்லை என்பதே வேடிக்கை. அது கைத்துப்பாக்கி; ஆகவே கைத்துப்பாக்கியை மறைத்தேந்த இசைவுள்ள பல மாநிலங்களில் அதனையும் முதுகுப் பையிலோ வண்டி இருக்கையின் அடியிலோ தோட்டா நிரப்பி வைத்துச் செல்லலாம். அதே உடலுக்குத் தோட்கட்டையும் நீண்ட குழலும் இருந்து ரைபிள் என்னும் பெயர் பெற்றிருந்தால், சில மாநிலங்களில் தோட்டா நிரப்பி வண்டியில் வைத்தலே குற்றம். பலர் இவ்வகையை விரும்பி வாங்குவதற்கு இந்தப் பெயர்ச் சலுகையும் ஒரு காரணம். (பெயர் எப்போதும் சலுகையே தருவதன்று என்பதையும் நடுநிலையாகக் குறித்தல் வேண்டும். உரிமம் பெற்ற வணிகரிடம் ரைபிள் வாங்க மத்தியச் சட்டப்படி 18 வயது போதும். கைத்துப்பாக்கிக்கு 21 வேண்டும்.) இசைவு பெறுவதும் முன்போல் அரிதன்று. 2022 சூன் 23-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துதல் அரசியலமைப்பு தந்த உரிமை என்று கூறி, தனிப்பட்ட தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்றிருந்த நியூயார்க் சட்டத்தை நீக்கிற்று. 2024-க்குள் 29 மாநிலங்கள் உரிமமே இன்றி மறைத்தேந்த இடங்கொடுத்துவிட்டன.

இவ்வகைத் துப்பாக்கி செய்ததையும் சொல்லாமல் விடலாகாது. 2019 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், தாங்குபட்டை பொருத்திய ஏ.ஆர். வகைக் கைத்துப்பாக்கியால் ஒருவன் ஏறத்தாழ அரை நிமிடத்தில் ஒன்பது பேரைக் கொன்றான். காவலர் அருகிலேயே இருந்து அவனை வீழ்த்தியும் அத்தனை உயிர் போயிற்று. 2021 மார்ச்சு 22-ஆம் நாள் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில், மளிகை அங்காடியொன்றில் பத்துப் பேர் மாண்டனர். அங்கும் கைத்துப்பாக்கி என்னும் பெயரில் விற்கப்பட்டதே கருவி.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆதலால் எல்லாவற்றையும் தடைசெய்க, அதிகாரி தக்கவர்க்கு மட்டும் கொடுக்கட்டும் என்று ஒரு சொல்லில் முடித்துவிட நம்மால் இயலவில்லை. 1956 சனவரி 30-ஆம் நாள் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். மறைத்தேந்தும் உரிமம் வேண்டி அவர் விண்ணப்பித்தார். தக்கவர் யார் எனத் துணியும் அதிகாரம் வெள்ளை அதிகாரி கையில் இருந்தது, விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1967-இல் கலிபோர்னியாவில் கறுப்பு மக்கள் தம் அண்டைப்புறங்களைக் காப்போம் என்று வெளிப்படையாகவே துப்பாக்கி ஏந்தியபோது, வெளிப்படையாக ஏந்துவதையும் தடுத்து அம்மாநிலம் சட்டம் செய்தது. மறைத்தாலும் ஆகாது, காட்டினாலும் ஆகாது என்றாயிற்று. நம் நாட்டில் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் அதிகாரியின் மனம்போல் என்னும் சொற்றொடர் யாரைத் தடுத்தது என்பதை வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே நியூயார்க் சட்டம் நீங்கியபோது அந்நகரத்து ஏழைக் கறுப்பரின் வழக்குரைஞர் சிலர் அதனை வரவேற்றதை நாம் வியப்போடு படிக்கவில்லை. அச்சமுடையவன் அச்சத்தைப் பழித்தல் எளிது. அவன் தெருவில் நாம் குடியிருக்கவில்லை.

ஆனால் அச்சம் உண்மை என்பதனால், அச்சம் தெரிந்தெடுக்கும் கருவி அனைத்தும் தக்கது ஆகிவிடாது. நள்ளிரவில் தனியே நடப்பவன் எதிர்பார்க்கும் இடர் யாது? கைக்கெட்டும் தொலைவில் வரும் ஒருவனோ இருவரோ. அதற்குச் சிறு கைத்துப்பாக்கியே போதும் என்று துப்பாக்கி பயிற்றுவோரே பெரும்பாலும் கூறுவர். கனமான ஆயுதம் உதைப்பதில் குறைவு, நடுங்கும் கைக்கு அதுவே நிலைப்பு என்பது மெய்தான். கையிற் குறையுள்ளார்க்கு அது நல்ல காரணமுங்கூட. மற்றவர்க்கு? முப்பது தோட்டாவையும் போர்க்களத்துத் தோட்டாவின் விரைவையும் பைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்தில் அருகிலிருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் நான் உங்களில் ஒருவன் என்று முகங்காட்டி அமர்பவன், அவர்கள் அறிந்தால் எழுந்து வேறிடம் போவர் என்பதை அறிந்தே மறைக்கிறான். பிறரை அச்சுறுத்தாமைக்காகவே மறைக்கிறோம் என்பர். அந்நோக்கம் உண்மையாகவும் இருக்கலாம். எனினும் அச்சத்தை நீக்குதல் வேறு. அஞ்சத் தக்கதை அறியவொட்டாமல் செய்தல் வேறு. அறிந்து விலகும் உரிமையை அண்டையிலிருப்பவனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம்; அவனைக் கேட்காமலே எடுத்துக்கொண்டோம்.

இங்கு ஒரு வினா எழும். உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, இறப்பு என்னும் ஐந்தும் கூடினாலன்றோ முதற் சீலம் கெடும் என்று உரையாசிரியர் வகுத்தனர்? மறைத்து ஏந்தியவன் யாரையும் கொல்லவில்லை, கொல்ல எண்ணவுமில்லை. ஐந்தில் ஒன்றும் முற்றவில்லையே. உண்மை. சீலம் கெடவில்லை. ஆனால் சூத்திரங்களில் பாணாதிபாதத்தினின்று நீங்கியவனைப் பற்றிக் கூறுமிடத்தில், கொல்லாதவன் என்பதோடு நிறுத்தாமல், கோலையும் ஆயுதத்தையும் கீழே வைத்துவிட்டவன், நாணமுடையவன், இரக்கமுடையவன் என்று தொடர்ந்து சொல்வதைக் காண்கிறோம். ஐந்து உறுப்பும் கூடாதவாறு கணக்கிட்டு நிற்பவனைக் குறித்து அச்சொற்கள் எழவில்லை. குழலை 16 அங்குலத்துக்குக் குறைத்துக் கட்டையைக் கழற்றிப் பெயரை மாற்றிக்கொள்ளும் வணிகனும், உறுப்புக் கணக்கால் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் உபாசகனும் செய்வது ஒரே வகைக் கணக்கு என்பதே நம் துணிபு. கிங் அவர்கள் செய்ததையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். உரிமம் மறுக்கப்பட்டதோடு அவர் கதை முடியவில்லை; அதன்பின் சின்னாட்களில், எவரும் கட்டளையிடாமலே, வீட்டில் வைத்திருந்த துப்பாக்கியையும் அவர் அகற்றிவிட்டார். மறுத்த அதிகாரிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அந்நாட்டில் பெட்ரோல் நிலையமும் சிறு கடையும் தங்கும் விடுதியும் நடத்தும் இந்தியர் பலர். இரவு முழுதும் கடை திறந்திருப்பது அவர் தொழிலின் இயல்பு. கொள்ளையரால் உயிரிழந்தோரும் உண்டு. அத்தகைய கடையொன்றில் வேலை செய்யும் உபாசகன் ஒருவன், மேசைக்கடியிலோ வீடு திரும்புகையில் பைக்குள்ளோ பெரிய கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், சட்டம் அதனை எப்பெயரால் அழைக்கிறது என்பதிலிருந்து நாம் தொடங்கமாட்டோம். அவன் கை எத்தகையது, அஞ்சும் இடர் எத்தகையது, அந்தப் பையின் அருகே யார் யார் அமர்வார் என்று கேட்போம். அவன் விடை நம் விடையாக இராமற் போகலாம். பிறகு வேறொன்றையும் அவனிடம் சொல்வோம். அங்குள்ள கடைகள் பலவற்றில் கண்ணாடியை மறைக்கும் விளம்பரத் தாள்களை அகற்றி, தெருவிலிருந்து உள்ளே முழுவதும் தெரியுமாறு விளக்கு ஏற்றி வைக்கிறார்கள். விற்ற பணத்தை அவ்வப்போது, கடைக்காரராலும் திறக்க முடியாத இரும்புப் பெட்டியின் துளையில் போட்டுவிடுகிறார்கள். இரவில் கல்லாவில் 50 டாலருக்கு மேல் இராது என்பதை, வருவோர் எவரும் படிக்கும்படி வாயிற்கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.